வாய்வழியே நுழையும் யந்திரக் கரங்கள்

காலையில் எழுந்ததும் ஒரு மிடறு தேநீர் விழுங்குகின்றோம். அதனை ஒரு காரியமாக நாம் எண்ணுவதேயில்லை. நாக்கு மேலெழுந்து தேநீரைப் பின்னே தள்ளுகின்றது; மூக்கிற்குச் செல்லும் வழி அடைபடுகின்றது; குரல்வளை உயர்ந்து தன் வாயிலை மூடிக்கொள்கின்றது; தேநீர் உணவுக்குழலினுள் இறங்குகின்றது. இவ்வளவும் ஓரிரு விநாடியில் நடந்து முடிகின்றன. நாளொன்றில் நூற்றுக்கணக்கான தடவை, உறக்கத்திலுங்கூட, இது நிகழ்கின்றது. எங்கேனும் ஒரு தவறு நேர்ந்தால் என்னவாகும் என்பதைப் புரையேறிக் கண்கலங்கிய அனுபவமுள்ள வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

தொண்டையிற் புற்றுநோய் கண்டவருக்கோ இந்த ஒரு மிடறே பெரும் வினாவாகிவிடுகின்றது. "நோய் மாறுமா?" என்று முதலிற் கேட்பார். அதற்கு விடை கிடைத்ததும், "மாறிய பின் வாயாற் சாப்பிடுவேனா? என் குரலிற் பேசுவேனா?" என்று கேட்பார். இந்த இரண்டாவது வினாவே ஒரு போதனா வைத்தியசாலையைப் புதுவழியொன்றில் இறக்கிவிட்டது. அந்தக் கதையையும், அதே வழியிற் புறப்படும் பிற வைத்தியசாலைகள் செய்யவேண்டிய ஆயத்தங்களையும் இவ்வாரம் சொல்ல விரும்புகின்றோம்.

கைக்கெட்டாத மூலை

கண்ணாடியின் முன் வாயைத் திறந்தால் உள்நாக்குத் தொங்குவது தெரியும். அதன் இருமருங்கிலும் உள்ள சதைகளையே ரொன்சில் என்கின்றோம். வீட்டிற் பிள்ளையொன்றுக்கு ரொன்சில் எடுத்திருந்தால், அந்தச் சில நாள்களில் ஐஸ்கிறீமுக்குக் கிடைத்த மரியாதை தாய்மாருக்கு நினைவிருக்கும். அதற்குங் கீழே, நாக்கின் வேர் தொண்டைக்குள் இறங்குமிடம் அடிநாக்கு. அது கண்ணாடியிலே தெரியாது. விரலை விட்டுத் தொடுவோமென்றால் குமட்டல் முந்திக்கொள்ளும்.

இந்த மூலையிற் புற்றுக்கட்டி வளர்ந்தால் அதனை வெட்டியெடுப்பது எப்படி? பழைய முறையைக் கேட்டால் நெஞ்சு நடுங்கும். கீழுதட்டை நடுவே கீறி, நாடிவரை பிளந்து, கீழ்த்தாடை எலும்பை வாளால் அறுத்து, புத்தகத்தை விரிப்பதுபோல் இருபுறமும் விரித்து, அவ்வழியே உள்ளே செல்வர். பெரும்பாலும் ஒரு தேங்காய்ச் சொட்டளவும் இல்லாத கட்டியொன்றை அடைவதற்காக முகத்தையே திறக்க வேண்டியிருந்தது! பின்னர் எலும்பை உலோகத் தகட்டினாற் பொருத்தி உதட்டைத் தைப்பர். மூச்சுக்குக் கழுத்திலே துளை, உணவுக்குக் குழாய். பிழைத்தவர்கள் பலருண்டு. ஆயினும் அவர்கள் விருந்தொன்றிற் பிறரோடு அமர்ந்து உண்ண நாணினர்.

இக்காரணத்தால் வைத்தியர்கள் கத்தியைக் கீழே வைக்க வழி தேடினர். 1991 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் முன்னாட் படைவீரர் வைத்தியசாலைகள் வெளியிட்ட ஆய்வொன்று, குரல்வளைப் புற்றுநோயாளருள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினருக்கு மருந்தாலும் கதிர்ச் சிகிச்சையாலும் குரல்வளையைக் காப்பாற்றலாம் என்று காட்டிற்று. அன்று முதல் தொண்டைப் புற்றுக்கும் அவ்வழியே பெருவழியாயிற்று. ஆனால் அதற்கும் விலையுண்டு. ஏழு வாரமளவில் நாடோறும் கதிர் பட்ட தொண்டையிற் புண் உண்டாகும், உமிழ்நீர் வற்றும், ஆண்டுகள் செல்லச் செல்லத் தசைகள் இறுகி விழுங்க மறுப்பதும் உண்டு. வெளியே ஒரு தழும்பும் இல்லாத முகம். உள்ளேயோ சோற்றுக்கு வழிவிடாத தொண்டை. இதனை முழு வெற்றியென்று எப்படிச் சொல்வது?

வாய்வழியாகவே லேசர் ஒளியைச் செலுத்திக் கட்டியை அறுக்கும் முறையும் இருந்தது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் 1972 இல் அது குரல்வளைக்குப் பிரயோகிக்கப்பட்டது; பின்னர் ஜேர்மனியில் ஷ்டைனர் என்னும் வைத்தியர் அதனைப் பெரிதும் வளர்த்தார். அதிலொரு சங்கடம். லேசர் ஒளி நேர்கோட்டிலே செல்லும். தொண்டையோ வளைந்து செல்வது. மூலைக்கப்பால் உள்ளதைக் காண்பதும் அரிது, அறுப்பதும் அரிது.

பிலடெல்பியாவிலே

அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்கும் தொண்டைக்கும் பழைய உறவுண்டு. ஷெவாலியே ஜாக்சன் என்ற வைத்தியர் (1865–1958) அங்கேதான் பணியாற்றினார். ஊசி, பொத்தான், நாணயம், எலும்பு என்று பிள்ளைகளும் பெரியோரும் விழுங்கிவிட்ட பொருள்களை, கழுத்தைக் கிழியாது, வாய்வழியே குழாய் செலுத்தி எடுத்தவர் அவர். அவ்வாறு எடுத்த ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அந்நகரின் மியூற்றர் காட்சிச்சாலையில் இழுப்பறைகளில் அடுக்கிவைக்கப்பட்டுள்ளன. வாயென்னும் இயற்கை வாசலிருக்கக் கழுத்தை ஏன் வெட்ட வேண்டும் என்ற வினா அந்நகருக்குப் புதிதன்று.

அங்குள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 1765 இல் ஆரம்பமானது. அமெரிக்காவிலே முதலாவது மருத்துவக் கல்லூரி அதுவே. மாணவர்களுக்குக் கற்பிப்பதற்கென்றே அதன் வைத்தியசாலை 1874 இல் திறக்கப்பட்டது. அவ்வைத்தியசாலையில் கிரெகரி வைன்ஸ்டீன், பேர்ட் ஒமாலி என்ற இரு தொண்டைச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் 2004 ஆம் ஆண்டளவில் ஒரு யந்திரத்தை நோக்கலாயினர். அது 'டா வின்சி' எனப் பெயர் பெற்றது. வயிற்றறைச் சத்திரசிகிச்சைக்கு 2000 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் அனுமதியைப் பெற்று, பின்னர் இதயத்துக்கும் புரஸ்தச் சுரப்பிக்கும் பயன்பட்டு வந்தது. வயிற்றிலே சிறு துளைகளிட்டு அவற்றின் வழியே கரங்களை நுழைப்பது அதன் வழக்கம். "தொண்டைக்குத் துளையே வேண்டாமே, வாய் இருக்கின்றதே!" என்பதே இவர்களது எண்ணம்.

எண்ணம் எளிது. ஆனால் நோயாளியின் வாய்க்குள் அவர்கள் உடனே புகுந்துவிடவில்லை. முதலில் மூச்சுப்பாதை பழகும் பொம்மையொன்றின் வாய்க்குள் கரங்கள் நுழையுமா என்று பார்த்தார்கள். பின்னர் பிரேதங்களிற் பார்த்தார்கள். உயிருள்ள தசையிற் குருதி எவ்வாறு வடியும், எவ்வாறு அடங்கும் என்பதைப் பிரேதம் சொல்லாதாகையால், மயக்கமூட்டிய நாய்களிற் பார்த்தார்கள். இப்பரீட்சைகளில் முன்னின்றவர்களுள் பயிற்சி வைத்தியர் ஒருவரும் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 2005 இல், வைத்தியசாலையின் நெறிமுறைக் குழு அனுமதித்த ஆய்வொன்றின் கீழ், மனிதருக்குச் செய்யத் தொடங்கினர்.

ரொன்சிற் புற்றுநோயாளர் 27 பேரின் முடிவுகளை 2007 இல் வெளியிட்டார்கள். உயிரிழப்பு இல்லை. 25 பேருக்கு வெட்டிய விளிம்பிற் புற்று எஞ்சவில்லை. 26 பேர் வயிற்றுக் குழாயின்றி விழுங்கினர். இருபத்தேழு பேர் என்பது சிறு தொகையே. ஆயினும் தாடையை அறுக்காமற் பெற்ற முடிவு இது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பின்னர் மூன்று வைத்திய நிலையங்களின் 177 நோயாளரின் விபரங்கள் திரட்டப்பட்டன. 2009 டிசெம்பரில், சிறிய அளவிலான தொண்டைப் புற்றுக்கட்டிகளுக்கு இம்முறையைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இணங்கிற்று.

யந்திரம் யாருக்கு அடிமை?

'ரோபோ' என்ற சொல்லைக் கேட்டதும், தானாகக் கத்தியெடுத்து வெட்டும் இரும்பு மனிதனொருவனைச் சிலர் கற்பனை செய்வர். அச்சொல் செக் நாட்டு நாடகாசிரியர் காரெல் சாப்பெக் 1920 இல் எழுதிய நாடகத்தில் தோன்றியது. கட்டாய ஊழியம் என்பதே அதன் வேர்ப்பொருள். இங்குள்ள யந்திரமும் ஊழியஞ் செய்வதே. தானாக ஒரு நூலளவும் அது வெட்டாது.

சத்திரசிகிச்சை நிபுணர் நோயாளியின் அருகில் நிற்பதில்லை. சில அடிகள் அப்பால் ஒரு பீடத்தில் அமர்ந்து, இரு கண்களையும் ஒரு பெட்டியுட் பதித்து, விரல்களைச் சிறு பிடிகளில் மாட்டிக்கொள்கின்றார். நோயாளியின் வாய்க்குள் மூன்று மெல்லிய கரங்கள் இருக்கும்: ஒன்றிற் கமரா, மற்றிரண்டிற் கருவிகள். கமராவுக்கு இரு கண்கள் உண்டாதலால் ஆழமும் தெரியும்; அதன் நுனி சரிந்து நோக்குவதால் மூலைக்கப்பாலும் தெரியும். கருவிகளின் நுனி மணிக்கட்டைப்போல் மடங்கும். வெளியே விரல் பெரிதாக அசைந்தால் உள்ளே கருவி சிறிதாக அசையும். கைநடுக்கத்தை யந்திரம் வடித்துவிடும்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். இம்முறை தொடங்கியபோது இருந்த யந்திரங்களுக்குத் தொட்டுணரும் புலன் இல்லை. கட்டி கல்லுப்போல் இருக்கும், நல்ல சதை மெத்தென்றிருக்கும் என்பதை வைத்தியரின் விரல் அறியும்; யந்திரக் கரம் அறியாது. கண்ணே விரலுக்குமாகச் சேர்த்து வேலைசெய்யப் பழகவேண்டும்.

வாங்கினால் மட்டும் போதுமா?

இப்போது ஒரு போதனா வைத்தியசாலை இத்தகைய பிரிவொன்றைத் தொடங்க நினைக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். யந்திரம் பெரும்பாலும் ஏற்கெனவே அங்கிருக்கும். சிறுநீரகப் பிரிவும் பெண்நோய்ப் பிரிவும் அதனை ஆண்டுகொண்டிருக்கும். தொண்டை வைத்தியருக்கு முதல் வேலை, வாரத்தில் ஒரு நாளைத் தமக்கெனக் கேட்டுப் பெறுவதாகும். கூட்டுக் குடும்பத்திற் பொதுக் கிணற்றடிக்கு முறை வைப்பது போன்றதே இதுவும்.

அடுத்தது பயிற்சி. யந்திரத்தின் இயக்கத்தைப் பாடமாகப் பயிலவேண்டும், பொம்மையிற் கைபழக வேண்டும், பிரேதங்களிற் செய்யவேண்டும், அனுபவமுள்ள ஒருவர் செய்யும்போது சென்று பார்க்கவேண்டும். பின்னர் முதற் சில நோயாளருக்குச் செய்யும்போது அத்தகைய ஒருவர் பக்கத்தில் நின்று கண்காணிக்கவேண்டும். இவற்றின் பின்னரே வைத்தியசாலை அவருக்குத் தனியே செய்யும் உரிமையை வழங்கும். பிறருக்குக் கற்பிக்கும் பேராசிரியரே மாணவராக மீண்டும் அமரும் காட்சி இது. அதற்கு மனமில்லாதவர் இவ்வேலையைத் தொடங்காமல் இருப்பதே நலம் என்பது நமது அபிப்பிராயம்.

வைத்தியரிலும் அதிகமாகத் தாதியரும் மயக்கமருந்து நிபுணரும் மாறவேண்டியிருக்கின்றது. வழக்கமாக நோயாளியின் தலைமாட்டில் மயக்கமருந்து நிபுணர் இருப்பார். இங்கே யந்திரத்துக்கும் உதவி வைத்தியருக்கும் தலைமாடு தேவை. ஆகவே கட்டிலையே திருப்பி, நோயாளியின் தலையை மயக்கமருந்து நிபுணரிடமிருந்து தொலைவிற் கொண்டுசெல்வர். நோயாளியின் மூச்சுக்குழாயைக் கண்ணெதிரே காவல் செய்து பழகியவருக்கு இது சிறு சங்கடமன்று. மின்கத்தியின் பொறியும் பிராணவாயுவும் சேர்ந்தால் வாய்க்குள் தீப்பற்றும் அபாயமுண்டு. ஆதலாற் பிராணவாயுவின் விகிதத்தை அவர் குறைத்தே வைத்திருக்கவேண்டும். பல்லுக்கு உறை, கண்ணுக்குக் காப்பு, நாக்கை முன்னிழுக்க ஒரு பட்டு நூற்றையல், வாயைத் திறந்துவைக்க ஓர் உலோகச் சட்டம். இச்சட்டத்தைச் சரியாக இருத்துவதே பாதி வேலை என்று இத்துறையினர் சொல்வர். அது சரியாக இருந்தாற்றான் கரங்கள் ஒன்றோடொன்று முட்டாமல் அடிநாக்கைக் காணும்.

தலைமாட்டிலுள்ள உதவி வைத்தியரைப் பற்றி எவரும் பெரிதாக எழுதுவதில்லை. புகையை உறிஞ்சுபவர் அவர். குருதியைத் துடைப்பவர் அவர். கரம் உதட்டை நசுக்குகின்றதா என்று பார்ப்பவரும் அவரே. நிபுணரின் கண்கள் பெட்டிக்குள் இருக்கின்றன. நோயாளியின் முகத்தை உள்ளபடி காண்பவர் இவர் ஒருவரே.

முதலாவது நோயாளி வருமுன் இன்னுமோர் ஒத்திகை உண்டு. திடீரெனக் குருதி பெருகினால், சில நொடிகளில் கரங்களை வாயிலிருந்து வெளியே எடுத்து யந்திரத்தை விலக்கவேண்டும். யார் எந்தக் கரத்தைக் கழற்றுவது, யார் கட்டிலைத் திருப்புவது, கழுத்தைத் திறப்பதற்கான கருவித் தட்டு எங்கே இருக்கின்றது என்பவற்றை வெறும் பொம்மையை வைத்து மறுபடியும் மறுபடியும் பழகுவர்.

செலவையும் ஒருவாறு சொல்லிவிடுவோம். யந்திரத்தின் விலை 15 இலட்சம் டொலர் முதல் 20 இலட்சம் டொலர் வரை எனக் கூறப்பட்டு வந்தது. ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் வேறு. கருவிகளோ விசித்திரமானவை. அவற்றுட் பல 10 தடவைகள் பயன்பட்டதும், கூர் இருந்தாலும், யந்திரம் ஏற்க மறுத்துவிடும். 2020 இன் பின்னரே சிலவற்றுக்கு இந்த எண்ணிக்கை கூட்டப்பட்டது. பத்து நாள் அரிந்தபின் பதினொராம் நாள் காய் நறுக்க மறுக்கும் அரிவாளை எந்த இல்லத்தரசி வாங்குவாள்?

இரவில் வரும் அபாயம்

இனிச் சொல்லப்போவதைச் சில விளம்பரங்கள் சொல்வதில்லை. ஆகவே நாம் சற்று விரிவாகச் சொல்வோம். தொண்டையில் வெட்டிய இடத்தைப் பெரும்பாலும் தையலிட்டு மூடுவதில்லை. அது தானாக ஆறவிடப்படும். ஆறும் இரு வாரங்களுக்குள் ஒரு நாள், நோயாளி வீடு சென்ற பின்னருங்கூட, அப்புண்ணிலிருந்து குருதி பாயலாம். கையிலோ காலிலோ குருதி வந்தால் அழுத்திக் கட்டலாம். தொண்டையிற் பாயும் குருதி மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். அபாயம் குருதி இழப்பில் மட்டுமன்று, மூச்சுத் திணறலிலும் இருக்கின்றது.

ஆகவே அனுபவமுள்ள நிலையங்களில், கழுத்தின் நிணநீர்க் கணுக்களை அகற்றும்போதே தொண்டைக்குச் செல்லும் குருதிக்குழாய்களிற் சிலவற்றைக் கட்டிவிடுவர். சிலர், முன்னெச்சரிக்கையாகக் கழுத்தில் மூச்சுத் துளையொன்றைச் சில நாள்களுக்கு இடுவர். பெரிய கழுத்து நாடி தன் இடத்தை விட்டு வளைந்து தொண்டைச் சுவரின் பின்னே ஒட்டியிருக்கின்றதா என்று முன்னரே படமெடுத்துப் பார்ப்பர். இருந்தால் இச்சிகிச்சையைத் தொடவேமாட்டார்கள்.

புதிதாகத் தொடங்கும் வைத்தியசாலையிலே, நள்ளிரவில் வாயிற் குருதியுடன் நோயாளி திரும்பி வந்தால், அவரை முதலிற் காண்பவர் யந்திரத்தில் அமர்ந்த நிபுணரல்லர். அவசர சிகிச்சைப் பிரிவிலுள்ள இளம் வைத்தியரே. அவருக்கும் இதனைக் கற்பித்திருந்தாலன்றிப் பிரிவு தொடங்கப்பட்டதாக நாம் கொள்ளமாட்டோம்.

கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள வைத்தியசாலைகள் சேர்ந்து 68 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்குக் கதிர்ச் சிகிச்சையும் மறு கூறினருக்கு யந்திரச் சத்திரசிகிச்சையும் அளித்து ஒப்புநோக்கின. 2019 இல் முடிவு வெளியாயிற்று. சத்திரசிகிச்சை பெற்றவர்களே நன்றாக விழுங்குவர் என்று பலர் எதிர்பார்த்திருந்தனர். ஓராண்டின் பின் பார்த்தால், கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களே ஒரு சிறிது மேலாக விழுங்கினர். ஆனால் அவ்வேறுபாடு நோயாளி உணரத்தக்க அளவினதன்று. கதிர்ப் பக்கத்திற் காதிரைச்சலும் கேள்விக் குறைவும் மிகுதி; சத்திரப் பக்கத்தில் வாய் திறக்க இயலாமை மிகுதி. சத்திரசிகிச்சையின் பின் குருதி பாய்ந்து ஒருவர் இறந்தார். அதே ஆய்வாளர்கள் 61 பேரோடு நடத்திய இரண்டாவது ஆய்வு, சத்திரசிகிச்சைப் பக்கத்திற் சிகிச்சையின் விளைவாக இருவர் இறந்ததால் இடையிலே நிறுத்தப்பட்டது. அதன் முடிவு 2022 இல் வெளியாயிற்று.

இதனால் யந்திரம் வீண் என்று முடிவுகட்டுவது பேதைமை. தக்க நோயாளியைத் தெரிந்து, கைதேர்ந்தவர் செய்தால், ஒரே சத்திரசிகிச்சையோடு கதிரையும் மருந்தையும் குறைத்துக்கொள்ளவோ தவிர்க்கவோ முடிகின்றது. ஐம்பது வயதில் நோய் கண்டு இன்னும் முப்பது ஆண்டு வாழப்போகும் ஒருவருக்கு அது பெரிய இலாபம். ஆனால் கதிர்ச் சிகிச்சை நிபுணரும் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒரே மேசையில் அமர்ந்து, இரு வழிகளையும் நோயாளிக்குச் சொல்லவேண்டும். புதிய யந்திரத்தை வாங்கிய வைத்தியசாலைக்கு எல்லா நோயாளியும் யந்திரத்துக்கு உகந்தவராகத் தோன்றுவதே பெரிய நோய்.

கற்பதும் காப்பதும்

போதனா வைத்தியசாலை என்பதால் இன்னொரு தர்மசங்கடமும் உண்டு. இன்றைய பயிற்சி வைத்தியரே நாளைய நிபுணர். அவர் யாரிடமாவது கற்கத்தான் வேண்டும். ஆசிரியருக்கொன்றும் மாணவருக்கொன்றுமாக இரு பீடங்கள் கொண்ட யந்திரம் 2009 இல் வந்தது. மோட்டார் வண்டி பழக்குபவரின் பக்கத்திலும் ஒரு தடைமிதி இருப்பதுபோல், ஆசிரியர் விரும்பிய கணத்திற் கரங்களைத் தம் வசமாக்கிக்கொள்ளலாம். முதலில் ரொன்சில்; அதில் தேறிய பின்னரே அடிநாக்கு. "இன்று வெட்டுபவர் யார்?" என்று நோயாளி கேட்டால், உள்ளபடி விடைகூறப்பட வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவென்று நம்மவர் வாளாவிருப்பதை நாம் ஏற்கவில்லை.

நம் நாட்டு வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். மேலைநாடுகளில் தொண்டைப் புற்று பெருகுவதற்குப் பெருங்காரணம் ஒரு வைரஸ். கருப்பைக் கழுத்துப் புற்றை உண்டாக்குவதும் அதுவே. அதற்குரிய தடுப்பூசி 2017 முதல் இலங்கையிற் பாடசாலை மாணவியருக்கு வழங்கப்படுகின்றது. நம்மிடையே வாய்ப் புற்றுக்குத் தாம்பூலமே பெருங்காரணம். புகையிலையின்றிப் போட்டாலுங்கூட, பாக்கு வாயின் உட்சதையை நாளடைவில் நாராக இறுக்கி, வாயே திறவாதபடி செய்துவிடுகின்றது. வாய் திறவாதவருக்கு இந்த யந்திரத்தின் மூன்று கரங்களும் உள்ளே செல்லா. வெற்றிலைத் தட்டத்தை மடியில் வைத்திருக்கும் பாட்டிமாரிடம் இதனைச் சொல்வது எளிதன்று. ஆனாற் பேரப்பிள்ளைகள் சொன்னால் ஒருவேளை கேட்பார்கள்.

2019 இல், ஒரே குழாயினூடாகக் கமராவும் கருவிகளும் சேர்ந்து சென்று உள்ளே கிளைவிரிக்கும் புதிய மாதிரிக்கும் அமெரிக்காவில் தொண்டைச் சிகிச்சைக்கென அனுமதி கிடைத்தது. யந்திரம் இன்னும் மெலியும்.

சத்திரசிகிச்சை முடிந்து ஓரிரு நாளின் பின், பேச்சும் விழுங்கலும் பயிற்றும் சிகிச்சையாளர் ஒருவர் நோயாளியின் கட்டிலருகே வந்து அமர்கின்றார். அவரிடம் யந்திரம் எதுவும் இல்லை. ஒரு கோப்பை நீரும் ஒரு கரண்டியுமே உள்ளன. நோயாளியை நிமிர்ந்து உட்காரச் செய்து, நாடியைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, ஒரு கரண்டி நீரை நாவில் விடுகின்றார். பின்னர் தம் இரு விரல்களை நோயாளியின் குரல்வளையின் மேல் மெல்ல வைத்து, அது உயர்கின்றதா என்று பார்த்திருக்கின்றார்.